கையில் இரண்டு லட்சம்: பங்கா, பவுனா, ஏலக்காயா?

கேள்வி | ஏப்ரல் 6, 2020

குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். கொரோனாவால் தேக்கடியில் படகு நின்றதோடு வியாபாரம் போனது. இப்போது கடையே திறக்க முடியாது. கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. சந்தை விழுந்து கிடக்கிறது, இப்போது பங்கு வாங்கினால் இரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும் என்கிறான் கொச்சி நண்பன். அப்பா பவுன் வாங்கச் சொல்கிறார். மாமனார் ஏலக்காய் வாங்கிப் போடு என்கிறார். என்ன செய்வது?

ஏப்ரல் 6, இரவு

மூன்று பேர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள் தம்பி. கடை வாடகை எவ்வளவு? வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? கடைப் பையனுக்குச் சம்பளம் போகிறதா? இதையெல்லாம் சொல்லாமல் இரண்டு லட்சத்தை மட்டும் சொன்னால் யாரும் பதில் சொல்ல முடியாது.

நான் கம்பத்தில் தோட்டக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். மலைக்கு மேலே தோட்டம், கீழே வீடு என்று இருப்பவர்கள். பங்குச் சந்தை நிபுணன் இல்லை. ஆனால் யார் வீட்டில் எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் வராது என்பது ஓரளவு தெரியும். உங்கள் கடைக்குப் பணம் வருவது சுற்றுலாக்காரர்களிடமிருந்து. ஊரடங்கை நாளைக்கே எடுத்தாலும் மருந்துக்கடை திறக்கும், பலசரக்குக் கடை திறக்கும். சுற்றுலாக்காரன் கடைசியில்தான் வருவான். ஓணம் சந்தேகம். ஐயப்ப சீசன் வந்தால் உண்டு. அதாவது நவம்பர். ஏழு மாதத்துக்கு வாடகையையும் சோற்றையும் பெருக்கிப் பாருங்கள். மிச்சம் என்று ஏதாவது வந்தால் அதற்கு அப்புறம் பேசுவோம்.

ஏப்ரல் 7

கணக்கு அனுப்பியிருந்தார். மிச்சம் வரவில்லை.

ஏப்ரல் 8

"சென்செக்ஸ் 26,000 வரை இறங்கிவிட்டது, இப்போது வாங்காதவன் முட்டாள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மார்ச் 23-ல் அந்தப் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்து 25,981-ல் முடிந்தது உண்மை. ஜனவரியில் அது 42,000-க்கு மேலே இருந்ததும் உண்மை. ஆனால் இதுதான் அடி என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சந்தை, நடுவில் பல முறை "இதோ அடி" என்று காட்டிவிட்டு, அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய்வந்தது. 14,000-ல் வாங்கியவனும் அன்றைக்குத் தன்னைக் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்திருப்பான்.

ஐந்து வருஷம் தொட வேண்டாத பணம் இருக்கிறவர் தாராளமாக வாங்கட்டும். மாதச் சம்பளம் நிற்காத ஆசிரியர், அரசு ஊழியர், ஓய்வூதியக்காரர் இவர்களுக்கெல்லாம் இது நல்ல நேரமாகவே இருக்கலாம். கேள்வி கேட்டவர் அந்த ஆள் இல்லை.

ஏப்ரல் 12

தவணை ஒத்திவைப்பு பற்றித் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, 5.15 சதவீதத்திலிருந்து 4.40 ஆகக் குறைத்தது. அன்றைக்கே, மார்ச் முதல் மே வரையிலான கடன் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. இது தள்ளுபடி என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டேட் வங்கியே ஓர் உதாரணம் போட்டிருக்கிறது: 30 லட்சம் வீட்டுக் கடன், இன்னும் 15 வருஷம் பாக்கி என்றால், இந்த மூன்று மாதத்தைத் தள்ளிப்போடுவதால் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம். எட்டுத் தவணைக்குச் சமம். 6 லட்சம் வாகனக் கடன், 54 மாதம் பாக்கி என்றால் சுமார் 19,000. அது ஒன்றரைத் தவணை.

ஏன் இந்த வித்தியாசம்? வீட்டுக் கடன் நீண்டது. ஆரம்ப வருஷங்களில் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிதான், அசல் நகர்வதே இல்லை. இன்றைக்கு ஏறும் வட்டி பதினைந்து வருஷம் குட்டி போட்டுக்கொண்டே வரும். வாகனக் கடன் சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. நான் வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், கஷ்டப்பட்டாவது. மச்சினன் ஜீப் வைத்திருக்கிறான். விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கம் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும் வண்டி. கம்பம்மெட்டிலும் குமுளியிலும் தடுப்பு போட்ட நாளிலிருந்து வண்டி வாசலில் நிற்கிறது. அவனை ஒத்திவைக்கச் சொன்னேன். வருமானம் சுத்தமாக நின்றவன் கையில் இருக்கும் கடைசிக் காசை வங்கிக்குக் கட்டிவிட்டு, அரிசிக்குக் கந்துவட்டி வாங்குவதைவிட வங்கிக்குக் கூடுதல் வட்டி கொடுப்பது மேல்.

ஏப்ரல் 13

"வட்டி குட்டி போடுமா?" என்று சிரித்திருக்கிறார் ஜீப்காரர். போடும் மாப்ள, உன்னுடையது ஒன்றரைக் குட்டி.

ஏப்ரல் 25

கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டு என்பது வைப்பு நிதி மாதிரிதான், வட்டி மட்டும் கூட என்று போன வாரம் ஒருவர் இங்கே சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று முன்தினம், 23-ஆம் தேதி, ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்டு நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை மூடியிருக்கிறது. 25,000 கோடிக்கு மேல் உள்ளே நிற்கிறது. பணம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கேட்ட நாளில் வராது, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் மாதம் யெஸ் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் இரண்டு வாரம் கிடந்தார்களே, அதுவும் இதே கதை. வட்டி ஒரு சதவீதம் கூடக் கிடைக்கும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நாளைக் காலை வேண்டுமென்றால் தருவாயா?

(2021 பிப்ரவரியில் சேர்த்தது: முதல் தவணையாக 9,000 கோடிக்கு மேல் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. பத்து மாதம்.)

மே 10

மாமனார் சொன்ன ஏலக்காய் யோசனைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன், எழுதினால் நீளும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் செடி அழுகியது. அடுத்த கோடையில் வெயில். காய் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்ட்டில் இடுக்கிப் பக்கம் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் போனது. அந்த ஒற்றை எண் இந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. அது ஒரு லாட்டுக்கு, அதாவது ஏலத்துக்கு வந்த ஒரு குவியலுக்கு மட்டும், கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே. ஆனால் சராசரியை யார் பேசுகிறார்கள்? டீக்கடையில் 7,000 தான் பேச்சு. அதற்கப்புறம் காயை விற்காமல் மூட்டை கட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும். 8,000 வரும் என்றார்கள். தோட்டமே இல்லாதவர்கள்கூட வாங்கி வைத்தார்கள், ரைஸ் மில்காரர், துணிக்கடைக்காரர், ஒரு பல் டாக்டர்.

இப்போது பாருங்கள். மார்ச் கடைசியிலிருந்து புற்றடியிலும் இல்லை, போடியிலும் இல்லை, ஏலமே நின்றுவிட்டது. மூட்டை இருக்கிறது, விலை சொல்ல ஆள் இல்லை. அவசரமாகக் காசு வேண்டுமென்றால் வீட்டுக்கு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. தோட்டக்காரர் கீழே கம்பத்தில், தோட்டம் மேலே, நடுவில் தடுப்பு. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் தண்ணீர் விட வேண்டிய காலம். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தங்கியிருக்கும் சில குடும்பங்களை வைத்து எவ்வளவு ஏக்கர் நனைக்க முடியும்? அடுத்த பருவத்துக் காயும் சேர்ந்து அடிவாங்குகிறது.

கீழே என்ன ஆகிறது? காய் எடுப்புக்குப் போகும் பெண்களுக்குக் கூலி இல்லை. ஜீப்புக்கு வாடகை இல்லை. அவர்களுக்குக் கடன் கொடுத்த பலசரக்குக் கடைக்கு வசூல் இல்லை. அந்தக் கடைக்காரர் தோட்டக்காரரிடம் வட்டிக்குக் கொடுத்திருந்தார், அதுவும் வரவில்லை. தோட்டத்தை விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை, வாங்கக்கூடியவன் பணமும் மூட்டையில் இருக்கிறது. கணக்கு நோட்டில் ஏழெட்டுப் பெயர், ஏழெட்டுத் தொழில். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே செடியில் தொங்குகிறது.

இதனால்தான் தம்பி, உங்களுக்கு ஏலக்காய் வேண்டாம் என்கிறேன். விலை ஏறுமா இறங்குமா என்பது வேறு விஷயம். பம்பாயில் இருப்பவன் ஏலக்காய் வாங்கி வைத்தால் அது முதலீடு. குமுளியில் மசாலாக் கடைக்காரர் வாங்கி வைத்தால், கடை படுக்கும் அன்றைக்குச் சேமிப்பும் கூடவே படுக்கும். உங்கள் வருமானம் ஏற்கெனவே அதில்தான் இருக்கிறது.

மே 11

"திராட்சை என்ன வாழ்ந்தது?" என்று கூடலூரிலிருந்து கோபமாக ஒரு பதில். நியாயம். பன்னீர் திராட்சைக்குக் கேரளச் சந்தைதான் உயிர். தடுப்பு விழுந்ததும் கொடியிலேயே பழம் உதிர்ந்ததைப் பார்த்தோம். ஏலக்காயையாவது மூட்டை கட்டலாம். திராட்சையை எங்கே வைப்பது?

மே 24

எதிர்வீட்டு அக்கா எடுப்புக்குப் போகிறவர். ரேஷனில் இலவச அரிசி வந்தது, அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, ஜன்தன் கணக்கில் 500 வந்தது. சாப்பாட்டுக்குத் தட்டுத்தடுமாறிப் போகிறது. ஆனால் குழுக் கடன் வசூல்காரர் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். ஒத்திவைப்பு உங்களுக்கும் உண்டே என்றேன். "குழுவில் ஒருத்தி கட்டலைன்னா மற்றவங்க முகத்தைப் பார்க்க முடியாது" என்றார். கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டார். ஸ்டேட் வங்கி உதாரணம் எல்லாம் அந்த இடத்தில் நிற்காது. ஏப்ரலில் நான் எழுதிய கணக்கை வங்கிக் கடனுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திவைப்பை ஆகஸ்ட் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். ரெப்போ 4.00-க்கு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதியே தேசிய சேமிப்புப் பத்திர வட்டியை 7.9-லிருந்து 6.8-க்கும், பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி வட்டியை 7.9-லிருந்து 7.1-க்கும் இறக்கியாகிவிட்டது. கடன் வாங்கியவனுக்குத் தலையைத் தடவுகிறார்கள், சேமித்தவனுக்கு அதே கையால் குட்டு.

ஜூன் 14

செலவு பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள், முதலீடு முதலீடு என்றே போகிறது. எங்கள் வீட்டில் இந்த மூன்று மாதத்தில் குறைந்தது: பெட்ரோல், ஓட்டல், துணி, ஊர் ஊராய் விசேஷத்துக்குப் போவது. கூடியது: பால், முட்டை, போன் ரீசார்ஜ், பையனுக்கு ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன். டாஸ்மாக் மே 7-ல் திறந்து, நீதிமன்றம் மூடி, மறுபடி திறந்த கதையை எழுதச் சொல்கிறார் ஒருவர். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை, உங்கள் வீட்டம்மாவிடம் இருக்கும்.

பெரிய விஷயம் செய்முறை. வெளியூர்க்காரர்களுக்கு மொய் என்றால் புரியும். தேனிப் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம் இது மரியாதைக்குக் கொடுக்கும் நூற்றியொன்று இல்லை. பத்து வருஷம் ஊரெல்லாம் செய்து, நோட்டில் எழுதி வைத்து, நம் வீட்டுக் காதுகுத்திலோ கல்யாணத்திலோ கூட்டித் திருப்பி வாங்குவது. வட்டி இல்லாத சீட்டு. அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் உண்டு, பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிறவர்கள் உண்டு. இந்த சித்திரை, வைகாசியில் விசேஷம் வைக்க இருந்தவர்கள் கதி என்ன? கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான். ஐம்பது பேரிடம் எத்தனை செய்முறை வாங்க முடியும்? எனக்குத் தெரிந்து ஒரு குடும்பத்துக்கு அவர்கள் போட்டுவைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. இன்னொரு விசேஷம் வைக்கவும் முடியாது, ஒரே பெண்.

கல்யாணப் பத்திரிகையில் கூகுள் பே எண் போட்டார்கள் சிலர். வந்தது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் அதைச் செய்முறையாக ஏற்கவில்லை. மைக்கில் பெயர் வாசிக்காத பணம் நோட்டில் எப்படி ஏறும் என்கிறார்கள்.

ஜூலை 16

கொரோனா கவச் பாலிசி வந்திருக்கிறது. 50,000 முதல் 5 லட்சம் வரை, காலம் மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம். முதல் 15 நாள் செல்லாது. சாதாரண மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் அவசியமில்லை. ஒன்றுமே இல்லாதவர் எடுங்கள். பங்கு, பவுன் எல்லாம் இதற்குப் பிறகு.

ஆகஸ்ட் 9

பவுன் 43,000-ஐத் தாண்டிவிட்டது. அப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் என்று தம்பி பெருமூச்சு விடுகிறார்.

எனக்குத் தங்கத்தை வாங்குவதைவிட வைத்திருப்பதில்தான் ருசி. இந்த நான்கு மாதத்தில் எங்கள் தெருவில் பணம் புரட்டியவர்கள் எப்படிப் புரட்டினார்கள் என்று பார்த்தால் பத்துக்கு எட்டு வீட்டில் நகைதான். மூட்டை விற்கவில்லை, மனை விற்கவில்லை, ஃபண்டு முடங்கியது. நகையைக் கொண்டுபோனால் அரைமணி நேரத்தில் காசு. இதை முதலீடு என்று மட்டும் பார்த்தால் செய்கூலி, சேதாரம் எல்லாம் நஷ்டம்தான். அந்த நஷ்டம் அரைமணி நேரத்துக்குக் கொடுக்கும் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ரிசர்வ் வங்கி, வங்கிகள் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. முன்பு 75. அடுத்த மார்ச் 31 வரைக்கும். தயவுசெய்து 90-ஐ வாங்காதீர்கள். பவுன் 43,000-ல் 38,700 வாங்கிக்கொண்டு வருகிறீர்கள், விலை 36,000-க்கு இறங்கினால்? மீதியைக் கட்டு என்று வங்கி கூப்பிடும், அப்போது கட்டக் காசு இருக்காது, நகை ஏலத்துக்குப் போகும். பாதி வாங்குங்கள், போதும்.

சேர்த்து வைக்கத்தான் தங்கம் என்றால் தங்கப் பத்திரம் இருக்கிறது. ஏப்ரலில் கிராம் 4,639-க்கு வந்தது, இந்த மாதம் 5,334. வருஷம் இரண்டரை சதவீதம் வட்டி வேறு. எட்டு வருஷம், ஐந்துக்குப் பின் வெளியே வரலாம். ஆனால் அரைமணி நேரக் காசு அதில் கிடையாது. இதை என் மனைவியிடம் விளக்கினேன். "காகிதத்தைக் காதில் போட முடியுமா" என்று கேட்டார். பேச்சு முடிந்தது.

நவம்பர் 15

கேலி செய்கிறவர்கள் வரிசையில் வரவும். சென்செக்ஸ் ஜனவரி உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஏப்ரலில் 28,000-க்குக் கீழே வாங்கச் சொன்ன கொச்சி நண்பர் ஜெயித்துவிட்டார், நான் தம்பியைக் கெடுத்துவிட்டேன் என்கிறீர்கள்.

தம்பியின் கணக்கையே போடுகிறேன், அவர் சம்மதத்தோடு. இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் வீட்டுக்கும் போனது. கொஞ்சம் பாக்கெட் போடும் இயந்திரத்துக்குப் போனது. பழைய சுற்றுலாக்காரர்களின் எண்களைத் தேடியெடுத்து வாட்ஸ்அப்பில் மிளகு, ஏலக்காய், கிராம்பு என்று கூரியர் அனுப்ப ஆரம்பித்தார். இப்போது வீட்டுச் செலவு அதில் நடக்கிறது. ஐயப்ப சீசன் வரும் என்று நான் நம்பச் சொன்னது பாதிதான் சரி: சபரிமலையில் நாளுக்கு ஆயிரம் பேர், வார இறுதியில் இரண்டாயிரம். குமுளி வழியில் பஸ் எண்ணலாம்.

பங்கு வாங்கியிருந்தால்? ஜூனில் வாடகைக்கு விற்றிருக்க வேண்டும். அன்றைக்குச் சந்தை 35,000 பக்கம், லாபத்தில்தான் விற்றிருப்பார். இதை மறைக்கவில்லை. ஆனால் ஏப்ரலில் அவர் வீட்டில் ஏழு மாதச் சோறு இரண்டு லட்சம். சந்தை மே மாதத்தில் 20,000-க்குப் போயிருந்தால் அந்தச் சோற்றில் கால்வாசி போயிருக்கும். நடக்கவில்லை என்பதால் நடந்திருக்காது என்று ஆகாது. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வேன். சம்பளம் நிற்காத ஆசிரியர்களை வாங்கச் சொன்னேனே, அவர்களில் ஒருவராவது வாங்கினீர்களா? கைதூக்குங்கள்.

நவம்பர் 16

ஒரே ஒரு கை. உத்தமபாளையம் டீச்சரம்மா. வாழ்த்துகள். விற்காதீர்கள்.

நவம்பர் 18

ஒத்திவைப்புக் காலத்து வட்டிக்கு வட்டியை அரசு திருப்பித் தந்திருக்கிறது, ஒத்திவைத்தவருக்கும் கட்டியவருக்கும். இரண்டு கோடி வரை கடன் உள்ளவர்களுக்கு. மச்சினனுக்கு வந்த தொகையை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு. ஒரு கிலோ ஏலக்காய் வாங்கக் காணாது.

ஏப்ரல் 4, 2021

ஆகஸ்ட்டில் 90 சதவீதம் வாங்காதீர்கள் என்றேன். பவுன் போன மாதம் 35,000-க்கும் கீழே வந்துவிட்டது. வாங்கியவர்கள் யாரென்று கேட்க மாட்டேன். பேப்பரில் நகை ஏல விளம்பரம் பக்கம் பக்கமாக வருகிறது, அதில் கணக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 20, 2022

இந்தப் பழைய பேச்சை யாரோ கிளறிவிட்டிருக்கிறார்கள். சின்னமனூர்க்காரர் கேட்பது: ஏலக்காய் சராசரி கிலோ ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டதே, இப்போது பத்து மூட்டை வாங்கிப் போட்டால் அடுத்த 7,000-க்கு விற்கலாமே?

முதலில், நீங்கள் என்ன தொழில்? ஏலத்தோட்டத்துக்கு உரம், மருந்து விற்கிறீர்கள் என்று உங்கள் பழைய பதிவில் இருக்கிறது. மே 10 குறிப்பைப் படிக்கவும்.

அதையும் மீறி வாங்குவேன் என்றால், காய் என்பது தங்கம் இல்லை. ஏலத்தில் விலை நிற்பது பச்சை நிறத்திலும் பருமனிலும். சாக்குக்குள் பாலிதீன் உறை போட்டு, காற்று புகாமல், இருட்டில் வைத்தாலும் வருஷம் போகப் போக நிறம் வெளுக்கும். ஈரம் ஏறினால் பூசணம். புதுக்காய் வந்த அன்றைக்கே உங்களுடையது பழைய காய், அதற்குத் தனி விலை. பத்து மூட்டை, 500 கிலோ என்றால் நாலைந்து லட்சம் முடங்கும். ஏழு சதவீத வட்டிக்குக் கணக்குப் போட்டாலும் வருஷம் முப்பதாயிரத்துக்கு மேல். 7,000 எந்த வருஷம் வரும் என்று புற்றடியில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. முன்பு 8,000-க்குக் காத்திருந்த ரைஸ் மில்காரர் போன மாதம்தான் கடைசி மூட்டையை விற்றார். விலையைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்குக் கால் கிலோ வாங்குங்கள். 8 மி.மீ. காய் இப்போது மலிவு.